பரமார்த்தலிங்கத்துக்கு சிப் மாற்றியது

அம்மையநல்லூர்க் கோர்ட்டின் முன்வாசலில் வக்கீல்களும் பின்சந்தில் காட்ரிட்ஜ்காரர்களும் ஏறக்குறைய ஒரே தொழிலைத்தான் செய்துவந்தார்கள். தீர்ந்துபோனதைத் தீரவில்லை என்று நிரூபிக்கிற தொழில். வக்கீல்கள் வாயால் செய்ததைக் காட்ரிட்ஜ்காரர்கள் கையால் செய்தார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். லேசர் பிரிண்டருக்குள் பொடி தீர்ந்து வெளியே எறியப்பட்ட கறுப்புப் பெட்டிகளைச் சாக்குச் சாக்காக வாங்கிவந்து, பக்கத்து ஆணியைத் தட்டிப் பிளந்து, காகிதத்தில் ஒட்டாமல் உள்ளேயே தங்கிப்போன கழிவுப் பொடியைக் கொட்டி, காற்றடித்து ஊதி, உருளை வடிவ டிரம்மைத் துடைத்துக் கீறல் இருந்தால் வேறு மாட்டி, தேய்ந்த பிளேடுக்குப் பதில் புதுப் பிளேடு வைத்து, புதுப் பொடி நிரப்பி மூடி, கடைசியாக ஓரத்தில் நகத்தளவு சிப் ஒன்றை ஒட்டிவிட்டால் பழைய பெட்டி புதுப் பெட்டியாகிவிடும், புது அட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு தன் முந்தைய பிறவியை மறந்துவிடும்.

அந்த சிப்தான் விசேஷம். பெட்டிக்குள் எவ்வளவு பொடி இருக்கிறது என்று பிரிண்டர் ஒருநாளும் எட்டிப் பார்ப்பதில்லை; அது சிப்பைக் கேட்கும், சிப் சொன்னதை நம்பும். கழுத்துவரை பொடி நிரப்பியிருந்தாலும் பழைய சிப் காலி என்று சொன்னால் காலிதான். ஒரு சிட்டிகைப் பொடி இல்லாவிட்டாலும் புது சிப் நிறைய இருக்கிறது என்று சொன்னால் திரையில் நாலு கட்டமும் கறுகறுவென்று நிறைந்து நிற்கும். இந்த நம்பிக்கையை வைத்துத்தான் பரமார்த்தலிங்கத்தின் எதிர்க்கடை கோமதிநாயகம் வீடு கட்டினார். மிச்சமிருக்கிற பொடியோடு அப்படியே துடைத்து, சிப்பை மட்டும் மாற்றி, பளபளவென்று அட்டைப்பெட்டியில் போட்டு அவர் விற்ற சரக்கு, பிரிண்டருக்குள் போனதும் நாலு கட்டம் காட்டிவிட்டுப் பத்திரத்தில் பாதி எழுத்தை விழுங்கும். கேட்க வந்தவர்களிடம் அவர் பிரிண்டர் திரையைக் காட்டி, "மெஷினே நூறுன்னு சொல்லுது, நீரு என்ன வே சொல்லுதீரு?" என்று கேட்பார். மெஷினை எதிர்த்துப் பேசுகிற துணிச்சல் அம்மையநல்லூரில் யாருக்கும் கிடையாது.

பரமார்த்தலிங்கத்தின் கடை அப்படிப்பட்டது அல்ல. அவர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சோதனைப் பக்கம் அடித்து, அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, தலைமுடி அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருந்தாலும் டர்ரென்று கிழித்து எறிந்து, "இது பக்கமா, சாம்பலா?" என்று ஒரு சத்தம் போடுவார் பாருங்கள், கோர்ட்டுக்குள் வாய்தா கூப்பிடுகிற டவாலியே தன்னைத்தான் யாரோ திட்டுகிறார்கள் என்று வாசலை எட்டிப் பார்ப்பான். அவருடைய மனைவி சொர்ணக்கிளி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பெட்டியை மறுபடி பிளப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கு அந்தச் சத்தம்தான் கடிகாரம். சத்தம் கேட்காத நாளில் அவளுக்கு என்னவோ வேலை முடிந்த மாதிரியே இருக்காது.

இரண்டு கையிலும் பொடி அப்பியிருக்கும்போது சிப்பை எங்கே வைப்பது என்பது அந்தத் தொழிலில் பெரிய தொந்தரவு. மேசையில் வைத்தால் காற்றுக்குழாய் ஊதிவிடும், தரையில் விழுந்தால் கறுப்போடு கறுப்பாகக் காணாமல் போகும். ஸ்டிக்கர் பொட்டைக் குளிக்கும் முன் கண்ணாடியில் ஒட்டிவைக்கிற பழக்கத்தில் சொர்ணக்கிளி, பசைத்தாளை உரித்த சிப்புகளைப் பக்கத்தில் குனிந்து வேலை செய்கிற புருஷன் முதுகில் வரிசையாக ஒட்டிவைத்து, வேண்டும்போது ஒவ்வொன்றாக உரித்துக்கொள்வாள். அவரும் "ஏட்டி, நான் என்ன செவரா?" என்பார், ஆனால் முதுகை நகர்த்த மாட்டார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஈரல் கெட்டுப்போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வேண்டியதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். அவர் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று கை ஜாடை காட்டியதால் கடைக்குள்ளேயே நார்க்கட்டிலைப் போட்டார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார், கண்ணைத் திறக்கவில்லை, பேச்சு நின்றது. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வெளியே நின்று பந்தல்காரனின் நம்பரை மெல்ல விசாரித்தார்கள். ஆனால் சரக்கு கேட்டிருந்தவர்கள் சரக்கு கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், அதனால் சொர்ணக்கிளி கட்டிலை ஒட்டி உட்கார்ந்து வேலை செய்தாள். ஒரு மத்தியானம், கண்ணில் நீர், கையில் பொடி, விரல்நுனியில் ஒரு சிப். எங்கே வைப்பது என்று யோசிக்கக்கூட இல்லை, பழக்கத்தில் புருஷன் பிடரியில் ஒட்டினாள்.

ஒட்டியதும் பிடரியின் தோலில், சிப்புக்குக் கீழே, நாலு சின்னக் கட்டங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றாக நிறைந்து கறுத்தன. பரமார்த்தலிங்கம் எழுந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்து, "காப்பி போடலியா?" என்று கேட்டார்.

சொர்ணக்கிளி காப்பி போட்டாள். வேறென்ன செய்வாள்? சிப் மாற்றினால் ஓடும் என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம்தானே, அதிலே ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. அவளுக்கு உறுத்தியது வேறொன்று. அவர் குரல் ஏதோ ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தது மாதிரி இருந்தது.

ஊர் இதை இட்லி சாப்பிடுகிற மாதிரி எடுத்துக்கொண்டது. முதலில் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஜெபமணி வந்து பிடரியைப் பார்த்து, "நாலும் ஃபுல்லா இருக்கே மைனி, இனி ஒரு கவலையும் இல்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து பெரிய டாக்டரே காரில் வந்து, ஸ்டெதாஸ்கோப்பை வெளியே எடுக்காமல், பிடரியை மட்டும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, தன்னுடைய மருந்துதான் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பந்தல்காரன் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டான்.

கோமதிநாயகம் வருத்தப்படவில்லை. அவர் மறுநாளே கடைப்பலகையில் 'மனிதர்களுக்கும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். பெட்டியைத் துடைக்கிற வேலையைக்கூட விட்டுவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்; வந்தவர் குனிய, இவர் ஒட்ட, வந்தவர் நிமிர, அடுத்தவர் குனிய என்று சந்து முழுக்க வரிசை நின்றது. ஓய்வூதியக்காரர்கள், மூட்டுவலிக்காரர்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், மாமியாரிடம் திட்டு வாங்கிய மருமகள்கள், மருமகளிடம் திட்டு வாங்கிய மாமியார்கள், எந்தக் குறையும் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் ஒட்டியதைப் பார்த்து வந்தவர்கள். சலூன்காரர்கள் பிடரிக்கு மட்டும் தனியாகச் சவரம் செய்ய ஆரம்பித்தார்கள். பெண்கள் கொண்டையை ஏற்றிப் போட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்வதை நிறுத்திவிட்டுத் திரும்பி நிற்கச் சொன்னார்கள், பெண் வீட்டாரும் மாப்பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள், இருவரும் முதுகைக் காட்டி நின்ற நிலையிலேயே பல சம்பந்தங்கள் முடிந்தன. உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷன் ஆபீசில் கையெழுத்துப் போடப் போன பெரியவர்களிடம், முகத்தை ஏன் காட்டுகிறீர்கள், கழுத்தைக் காட்டுங்கள் என்றார்கள்.

நாலு கட்டமும் நிறைந்திருக்கிறது என்று ஆன பிறகு எவன் போய் நிரப்புவான்? ஊர் மெல்ல மெல்லக் காலைப் பலகாரத்தை விட்டது, பிறகு மத்தியானத் தூக்கத்தை விட்டது, பிறகு தூக்கத்தையே விட்டது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வருவதை விட்டது, அழுவதை விட்டது, குழந்தைகளைக் கொஞ்சுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. ஒவ்வொன்றாக விட விட எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தார்கள். நாய்கள் அவர்களைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்தின, அங்கே ஆள் நிற்பதாகவே அவை எடுத்துக்கொள்ளவில்லை. சாம்பாரில் புளி தெரியவில்லை. கவுன்சிலர் மைக்கில் பேசிய பேச்சு முதல் வரிசைக்கே கேட்கவில்லை; ஆனால் அவர் பேசி முடித்துத் திரும்பி நடந்தபோது பிடரி தெரிந்தது, ஜனங்கள் கை தட்டினார்கள், அந்தக் கைதட்டலும் பெரிதாகக் கேட்கவில்லை. சண்டைகள் நின்றன. கோர்ட்டில் கூட்டம் குறைந்தது. அம்மையநல்லூர் வரலாற்றில் இவ்வளவு அமைதியான காலம் இருந்ததில்லை என்று எல்லாரும் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள்.

சொர்ணக்கிளி மட்டும் சிப் ஒட்டிக்கொள்ளவில்லை. யோக்கியத்தனம் என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு அதற்கு நேரமில்லை. புருஷனை நிரப்புகிற வேலையில் இருந்தாள். நாட்டுக்கோழி ரசம் வைத்தாள், ஆட்டுக்கால் சூப் வைத்தாள், கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டினாள், அவருக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு வறுத்தாள். அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டு, எல்லாவற்றையும் "நல்லாருக்கு" என்றார். உப்புப் போட மறந்த நாளிலும் "நல்லாருக்கு" என்றார். ஒன்றும் உள்ளே தங்கவில்லை. டிரம் போய்விட்டால் எவ்வளவு பொடி போட்டாலும் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் தினமும் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது கடையில் நடந்தது. பரமார்த்தலிங்கம் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து சோதனைப் பக்கங்களை வெயிலில் தூக்கிப் பிடித்தார். நடுவில் வெள்ளைக் கோடு ஓடிய பக்கத்தைப் பார்த்து "பாஸ்" என்றார். பாதி எழுத்து விழாத பக்கத்தைப் பார்த்து "பாஸ்" என்றார். ஒருதடவை அவள் வேண்டுமென்றே வெறும் வெள்ளைத்தாளைக் கொடுத்தாள், அவர் அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு, பாஸ்" என்றார். இந்த மனுஷன் செத்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள். எதிரே உட்கார்ந்துகொண்டே இல்லாமல் போனவருக்கு எந்த முறையில் அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏங்க, ஒருதடவ திட்டுங்களேன்" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"எதுக்குட்டி திட்டணும்? எல்லாம் நல்லாத்தான இருக்கு" என்றார் அவர், மங்கலாகச் சிரித்தபடி.

ஜெபமணியிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். ஜெபமணியும் அப்போது சிப் ஒட்டியிருந்ததால், "திட்டாத புருஷன் கெடைக்க நாங்கல்லாம் நேந்துக்கிடுதோம், ஒனக்கு என்ன மைனி கொற?" என்று ரொம்ப தூரத்திலிருந்து பேசுகிறவள் மாதிரி கேட்டாள். சொர்ணக்கிளி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வேலையைப் பார்க்கப் போனாள்.

அடுத்த வாரம் ஒரு முற்பகலில் அவள் கொடுத்த சோதனைப் பக்கம் முழுக்க முழுக்கச் சாம்பல் நிறத்தில் வந்திருந்தது, அவளே பிளேடை அவசரத்தில் தப்பாகப் போட்டிருந்தாள். அவர் பார்த்தார். "பாஸ்" என்றார். சொர்ணக்கிளிக்கு எங்கிருந்தோ ஒரு ஆத்திரம் வந்தது. பிரிண்டர் மங்கலாக அடித்தால் எல்லா ஆபீசிலும் எல்லாரும் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது, பெட்டியை வெளியே எடுத்து இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் போடுவது. மூலையில் ஒதுங்கிக் கிடக்கிற கடைசிப் பொடி நடுவுக்கு வந்து, கொஞ்சப் பக்கம் மட்டும் கறுப்பாக அடிக்கும். அவள் யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. புருஷனின் இரண்டு தோளையும் பிடித்து, ஸ்டூலோடு சேர்த்து, இடமும் வலமுமாகப் போட்டு உலுக்கு உலுக்கென்று உலுக்கினாள்.

பரமார்த்தலிங்கம் கறுத்தார். முடி கறுத்தது, மீசை கறுத்தது, நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் புதுசாக அடித்த எழுத்து மாதிரி பளிச்சென்று தெரிந்தது. கையில் இருந்த பக்கத்தைப் பார்த்தார்.

"இது என்னட்டி, பக்கமா சாம்பலா!"

டர்ரென்று கிழித்தார். சொர்ணக்கிளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டில் எது என்று அவளுக்கே விளங்கவில்லை. அவர் அவளைக் கவனிக்கவில்லை, கடையைக் கவனித்தார். பாஸ் ஆகி அடுக்கியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். வாசலுக்கு வந்து, "ஓய் கோமதிநாயகம், பொடி போடாம சிப்ப மட்டும் ஒட்டி ஊரையே வித்துட்டீரே, நீரு நல்லாருப்பீரா?" என்று கத்தினார். கோமதிநாயகம் பதிலுக்கு வாயை அசைத்தார், ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி உள்ளே வந்தவர் கட்டிலைப் பார்த்தார். பிடரியைத் தடவினார். விரல் சிப்பில் நின்றது.

"எனக்கு என்னத்தப் போட்டு நெரப்புன?"

"ஒண்ணும் போடல" என்றாள் சொர்ணக்கிளி.

"ஒண்ணும் போடலியா?"

"சிப் மட்டுந்தான்."

"நம்ம கடையிலயா?" என்று கேட்டார்.

அதிலிருந்து ஆரம்பித்தது சண்டை. அப்பப்பா, என்ன சண்டை. சிப்பில் தொடங்கி, போன தீபாவளிக்கு அவர் தங்கச்சிக்கு எடுத்த சேலைக்குப் போய், அவள் அண்ணன் கல்யாணத்தில் கொடுக்காத மரியாதையைத் தொட்டு, தினமும் ஒளித்து ஒளித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டது யார் என்ற இடத்துக்கு வந்து, அங்கே நிற்காமல் மறுபடி சேலைக்கே திரும்பியது. மத்தியானம் சோறு போட்டாள். "உப்பு எங்க?" என்று தட்டைத் தள்ளினார். அவள் வாழ்க்கையில் அதைவிட ருசியாக ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லை.

இரண்டு பேருமே தொழில்காரர்கள். ஆட்டிப் போட்ட பெட்டி எவ்வளவு ஓடும் என்று இருவருக்கும் தெரியும், அதைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் அவர் வலது காதோரம் லேசாக வெளுத்தது. சொர்ணக்கிளி பார்த்துவிட்டாள். எழுந்துவந்து தோளைப் பிடித்தாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம். ரெண்டாவது தடவ ஆட்டுனா பாதிதான் வரும். மூணாவது ஒண்ணும் வராது."

"வார வரைக்கும் வரட்டும்."

"உரிச்சிரு."

"மாட்டேன்."

"நம்ம கடையிலேருந்து மங்கலா ஒரு சரக்கு வெளிய போகக் கூடாதுட்டி."

"நீங்க வெளிய போற சரக்கு இல்ல" என்றாள் அவள். "மங்கலா இருந்தா என்ன? கட்டிலு கெடக்கு, கஞ்சி கெடக்கு, நான் பாத்துக்கிடுதேன். ஒங்க பாட்டுக்கு உக்காந்திருங்க. எனக்கு அது போதும்."

"நீ என்னையப் பாத்துக்கிடுவ. என்னால ஒன்னையப் பாக்க முடியலையே" என்றார் பரமார்த்தலிங்கம். "இத்தன நாளா எனக்கு எல்லாம் நல்லாருந்துச்சு. சோறு நல்லாருந்துச்சு, பக்கம் நல்லாருந்துச்சு, நீயும் நல்லாருந்த. கண்ணுக்குக் கீழ எப்படிக் குழி விழுந்திருக்கு பாரு, இன்னைக்குத்தாம் பாக்கேன். நீ எதிர உக்காந்து அழுதிருப்ப. அதையும் பாத்து பாஸ்னு சொல்லியிருப்பேன்."

அவள் அப்படி அழுதிருக்கிறாள். அவர் அப்படிச் சொல்லியும் இருக்கிறார்.

வெளுப்பு காதிலிருந்து கன்னத்துக்கு இறங்க ஆரம்பித்தது. அவர் நார்க்கட்டிலில் சுவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கழுத்தை வாகாகத் திருப்பிக் கொடுத்தார். அவள் கையைச் சேலையில் துடைத்தாள். எத்தனையோ ஆயிரம் சிப்பை உரித்த கைக்கு நகம் பிடிக்கவில்லை, ஓரம் கிடைப்பதாக இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது, அவர் மேல் கோபமாகவும் இருந்தது, இந்த ஒரு நாளைக் கொடுத்ததற்காகவே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கட்டிக்கொண்டாள். அப்படியே பிடரியில் விரலை வைத்தாள்.

"பாத்து உரிட்டி, பிசினு நிக்கக் கூடாது. பாதிய ஒட்டவச்சுட்டு அப்புறம்..." என்றார் அவர், நல்ல கறுப்பான குரலில், சந்து முழுக்கக் கேட்கும்படி.

சிப் சுத்தமாக உரிந்து வந்தது. நாலு கட்டமும் இருந்த இடம் வெறும் தோலாக இருந்தது. அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

சந்து கூடியது. உடம்பைத் திருப்பிப் பார்த்து, நாலு கட்டமும் இருந்த மனுஷனை இவள் எப்படி உரிக்கலாம், நூறோடு இருந்தவரை யாராவது கழற்றுவார்களா என்று மெல்லிய குரல்களில் விசாரித்தார்கள். டாக்டர் வந்து, தன்னைக் கேட்காமல் இப்படிச் செய்தது தவறு என்றார். ஜெபமணி பக்கத்தில் உட்கார்ந்து அழ முயற்சி செய்தாள், கண்ணில் ஒன்றும் வரவில்லை, வெட்கப்பட்டு எழுந்து போனாள். சொர்ணக்கிளி புருஷன் நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஓவென்று அழுதாள். இத்தனை மாதம் யாரிடமும் அழ முடியாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அந்த அழுகை சந்தைத் தாண்டி, கோர்ட்டுச் சுவரைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வரை போயிற்று. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள், அவ்வளவு சத்தம் கேட்டு அவர்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

கோமதிநாயகம் மட்டும் கொஞ்சம் துணிச்சலோடு முன்னால் வந்து, குனிந்து, "மைனி, கொஞ்சம் மெதுவா அழக் கூடாதா?" என்று கேட்டார்.

சொர்ணக்கிளி குறைக்கவில்லை.